கோட்டுக்குக் கீழே நான்கு வரி

இந்த ஆண்டு திருத்தணிப் படித் திருவிழாக் கூட்டம் ஓய்ந்த மறுவாரம் மூன்று பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். மூவரும் செல்போனில் தொடர்கதை எழுதுகிறவர்கள். ஒருவர் அரக்கோணத்தில் ரயில்வே வேலையில் இருக்கிறார். இன்னொருவர் கல்லூரி ஆசிரியை. மூன்றாமவர் ரஹீம், எங்கள் ஊரில் மெக்கானிக் கடை வைத்திருப்பவர். மூவரும் எழுதுவது அரசர் கதைகள். ரஹீம்தான் கேட்டார்.

"சார், உங்க ஆரம்பத்து நாவல்லாம் பக்கத்துக்குப் பக்கம் கீழ கோடு போட்டுக் குறிப்பு கீது. கல்வெட்டு எங்க கீது, கோட்டை எங்க கீதுன்னு. மூணாவது நாவலுக்கு அப்பறம் ஒண்ணுத்துலயும் இல்ல. ஏன் சார் உட்டுட்டீங்க?"

கல்லூரி ஆசிரியை எனக்காகப் பதில் சொன்னார். "கதையோட்டத்தைத் தடுக்குதுன்னு சார் வேணும்னே எடுத்துட்டாங்க. எங்க பாடத்திட்டத்துல அப்படித்தான் நடத்துறோம்."

நான் தலையாட்டினேன். தேநீர் கொடுத்து அனுப்பி வைத்தேன். அவர்கள் படியிறங்கிப் போன பிறகுதான் உறைத்தது, எழுபத்தெட்டு வயதிலும் ஒரு பொய்க்குத் தலையாட்டுகிறேன் என்று. எனவே ரஹீம் கேட்ட கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்கிறேன்.

முதலில் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். அது எனக்கு நிறைய உண்டு, மறைக்க விருப்பமில்லை. வரலாற்றில் முதுகலை முடித்து, இரண்டு வருடம் தற்காலிக விரிவுரையாளராக இருந்து, இருபத்தெட்டாம் வயதில் அதை உதறிவிட்டு எழுத வந்தேன். அப்போது வீட்டில் நடந்த சண்டையை எழுதினால் அதுவே ஒரு போர் அத்தியாயம். அதன்பின் எழுத்தைத் தவிர வேறு வேலை பார்த்ததில்லை. அரசர் கதைகளும் மாயக் கதைகளுமாக ஓர் அலமாரி நிறைய எழுதினேன். காஞ்சிக்கும் இந்த மலைக்கும் நடுவில் ஒரு படை எத்தனை நாளில் நகரும் என்று தெரிந்துகொள்ள நானே நடந்து பார்த்தேன். கவசம் தரித்தவன் கோட்டைப் படி ஏறினால் எந்தப் படியில் பேச்சு நிற்கும் என்று அறிய, அரை மூட்டை நெல்லைத் தோளில் வைத்துக்கொண்டு முருகன் கோயிலின் முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறினேன். நேர்த்திக்கடன் என்று நினைத்து வழியெல்லாம் விசிறிவிட்டார்கள். என்னுடைய வீரர்கள் படியேறும்போது யாரும் நீளமான வசனம் பேசுவதில்லை. காரணம் இதுதான்.

என்னை உருவாக்கியவர் வாரப் பத்திரிகை ஆசிரியர். பத்திரிகையின் பெயரும் அவர் பெயரும் இங்கே வேண்டாம். வாசகர்களான உங்களில் பலருக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கு 'ஆசிரியர்' என்பதே போதும்.

அத்தியாயத்தைத் தபாலில் அனுப்பக் கூடாது என்பது அவர் சட்டம். செவ்வாய்க்கிழமை காலை ரயிலைப் பிடித்துச் சென்னைக்குப் போய் அவர் கையில் கொடுக்க வேண்டும். அச்சகத்துக்கு மேல்மாடியில் அவர் அறை. உட்கார்ந்து படிக்கமாட்டார். உயரமான ஒரு மேசை, அதன்மேல் ஒரு சிவப்புப் பென்சில், ஓரடி நீள எஃகு ஸ்கேல். நின்றபடியே படிப்பார். வர்ணனைகளைக் கண்ணால் படிப்பார், வசனங்களை மட்டும் உதட்டுக்குள் முணுமுணுப்பார். வாயில் இடறிய வசனத்தின்மேல் பென்சில் ஒரு புள்ளி வைக்கும். பிடித்திருந்தால் "அடுத்த செவ்வாய்" என்பார். பிடிக்கவில்லை என்றால் தாள்களை நெடுக்கில் இரண்டாக மடித்து என் பக்கம் தள்ளுவார். பன்னிரண்டு ஆண்டுகளில் என் தாள்கள் நான்கு முறைதான் மடிபட்டன. வேறு எவருக்கும் அது நாற்பதுக்குக் குறையாது.

முதல் செவ்வாய்க்கிழமை அவர் ஸ்கேலை எடுத்து என் முதல் தாளின் அடியில் குறுக்காக ஒரு கோடு போட்டார்.

"தம்பி, இந்தக் கோட்டுக்கு மேல நீங்க ராஜா. யாரை வேணா கொல்லுங்க, யாருக்கு வேணா கல்யாணம் பண்ணி வைங்க. நான் கேக்க மாட்டேன். கோட்டுக்குக் கீழ நீங்க சாட்சி. சாட்சிக்கூண்டுல ஏறினவன் எப்படிப் பேசணுமோ அப்படிப் பேசணும்."

"சரிங்க."

"கீழ ஒரு வரி எழுதினாலும் மூணு கேள்வி கேப்பேன். எங்க இருக்கு? போய்ப் பாத்தீங்களா? யார் சொன்னா?"

கேட்டார். ஒவ்வொரு குறிப்பின்மேலும் ஸ்கேலின் நுனியை வைத்து மூன்று கேள்வியும் கேட்டார். ஒரு குளத்துக் கல்வெட்டைப் பற்றி எழுதினால், அதைப் படித்துச் சொன்ன அர்ச்சகரின் பெயரைச் சொல்ல வேண்டும். அந்தப் பெயர் அச்சில் வராது, அவருக்குத் தெரிந்தால் போதும். எனக்கு அது பிடித்திருந்தது. கோட்டுக்குக் கீழே சொன்ன உண்மையை நம்பித்தான் மேலே சொல்லும் கதையையும் வாசகன் நம்புகிறான் என்று புரிந்துகொண்டேன்.

இரண்டாவது தொடர் வந்துகொண்டிருந்த காலம். அம்மையார்குப்பத்தில் ஒரு தறிக்கூடத்துக்குப் போயிருந்தேன். பத்திரிகை வரும் நாளில் ஒருவர் முக்காலியில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார், மற்றவர்கள் நெய்துகொண்டே கேட்பார்கள். கதை சண்டைக்கு வந்தால் தறிகள் வேகம் பிடிக்கும். ராணி அழுதால் நின்றுவிடும். என் எழுத்துக்குக் கிடைத்த விருதுகளில் தறிகள் நின்ற அந்தச் சத்தமின்மைக்கு ஈடாக ஒன்றில்லை. அன்று கஜேந்திரன் என்ற நெசவாளி தறியில் இருந்தபடியே என்னைக் கூப்பிட்டார்.

"சார், போன வாரம் ராணிக்கு இன்னா கட்டி உட்டீங்க?"

"மயில் கழுத்து நிறப் பட்டு."

"அத்த எப்டி செஞ்சாங்கன்னு எழுதனீங்க?"

"சாயத்தொட்டியில் முக்கி எடுத்தார்கள் என்று."

கூடமே சிரித்தது. "பாவு ஒரு கலரு, ஊடை ஒரு கலரு போனாத்தான் சார் மயிலு கழுத்து. ரெண்டு நூலும் சேந்து மின்னுறது அது. ஒரே சாயத்துல முக்கி எடுத்தீங்கன்னா அது மயிலு கழுத்து இல்ல, பிசாசு கழுத்து. ராணிய மானக்கேடு பண்ணிட்டீங்களே."

அடுத்த வாரம் கோட்டுக்குக் கீழே எழுதினேன்: சென்ற வாரம் பட்டைப் பற்றி எழுதியது தவறு, அம்மையார்குப்பம் நெசவாளர் ஒருவர் திருத்தினார் என்று. ஆசிரியர் அதன்மேல் ஸ்கேலை வைத்தார். "யார் சொன்னா?" "கஜேந்திரன். மூன்றாவது தறி." அவர் சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். "இப்ப நீங்க எழுத்தாளர்" என்றார்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், தவறு செய்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

மூன்றாவது தொடரில் பொன்வாகன் என்ற படைத்தலைவனைப் படைத்தேன். முழுக்க என் கற்பனை. எல்லை கடந்து வந்த எதிரிப்படையை ஓர் ஏரிக்கரையில் தனியாக நின்று மறிக்கிறான். ஊர்மக்கள் மலைக்கு ஏறித் தப்பும்வரை கரையை விடாமல் நின்று, அங்கேயே விழுகிறான். அந்த அத்தியாயத்தில் இன்றைக்கும் ஒரு சொல்லை மாற்றமாட்டேன். நான் எழுதியவற்றில் அதுவே சிறந்தது.

அந்த வாரம் ஆசிரியர் கண் அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்தார். தாள்களை உதவி ஆசிரியரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். மறுநாள் எங்கள் தெரு மருந்துக் கடைக்கு எனக்குத் தொலைபேசி வந்தது.

"சார், மேட்டர் கொஞ்சம் கம்மியா நிக்குது. கடைசிப் பக்கத்துல கீழ நாலு வரி எடம் காலி. அரை மணியில ஃபாரம் அச்சு மெஷின்ல ஏறணும். ஒரு அடிக்குறிப்பு குடுங்க, போதும்."

"இந்த அத்தியாயத்துக்குக் குறிப்பு எதுவும் இல்லையே."

"எதாச்சும் சொல்லுங்க சார். வெள்ளையா உட்டா நல்லாவா இருக்கும்?"

வெள்ளையாக விட்டிருக்கலாம். என் சிறந்த அத்தியாயத்தின் அடியில் ஒரு வெற்றிடம் இருப்பதை என் கர்வம் ஒப்பவில்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் ஆர்.கே.பேட்டையைத் தாண்டி ஒரு சிற்றூரில் ஏரிக்கரை பார்க்க இறங்கியிருந்தேன். கரையோரம் புளியமரத்தடியில் ஒரு நடுகல் நின்றது. வாள் ஓங்கிய ஒரு மனிதன். கீழ்ப்பாதியைப் புல்லும் மஞ்சளும் மறைத்திருந்தன. இருபது வயதுக்கு மேலிராத ஒரு பெண் அதற்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். "எந்த ஊருங்க?" என்றாள். "திருத்தணி" என்றேன். "இது வந்துங்க..." என்று அவள் ஆரம்பித்தாள். அதற்குள் பேருந்தின் ஹாரன் கேட்டது. அதை விட்டால் இரண்டு மணி நேரம் அடுத்தது இல்லை. ஓடிவிட்டேன்.

மருந்துக் கடையில் நின்றபடி நான்கு வரி சொன்னேன். படைத்தலைவன் பொன்வாகன் வீழ்ந்த இடத்தில் எடுக்கப்பட்ட நடுகல்லை இன்றும் இன்ன ஊர் ஏரிக்கரைப் புளியமரத்தடியில் காணலாம். ஊர்மக்கள் அதை வழிபட்டு வருகிறார்கள். ஊர்ப் பெயரையும் சொன்னேன். இந்தக் கட்டுரையில் சொல்லமாட்டேன். அந்த ஊரின் பெயரை நான் ஒரு முறை எழுதியதே போதும்.

இரண்டு வாரம் கழித்து ஆசிரியர் வேலைக்குத் திரும்பினார். ஒரு கண்ணில் பச்சைத் துணி மறைப்பு. தான் இல்லாத நாளில் வந்த இதழ்களை மற்றக் கண்ணால் படித்து முடித்திருந்தார். அந்தப் பக்கத்தை விரித்து நான்கு வரியின்மேல் ஸ்கேலின் நுனியை வைத்தார்.

"எங்க இருக்கு?"

"ஏரிக்கரையில்."

"போய்ப் பாத்தீங்களா?"

"பார்த்தேன்."

"யார் சொன்னா?"

"ஊர்க்காரர்கள் சொன்னார்கள்."

அவர் தணிந்த குரலில், "ஊர்க்காரங்கன்னு ஒருத்தர் கிடையாது தம்பி" என்றார். ஸ்கேலைத் துடைத்தார். மேசை இழுப்பறையில் வைத்து மூடினார். "இந்தக் கதை முடியட்டும். அடுத்தது மாயக்கதை எழுதுங்க. உங்களுக்கு நல்லா வரும். அதுக்குக் கோடு வேண்டாம்."

அவ்வளவுதான். திட்டவில்லை. திருத்தம் போடச் சொல்லவும் இல்லை. நானாகச் சொல்வேன் என்று காத்திருந்திருப்பார். செவ்வாய்தோறும் போய்க்கொண்டுதான் இருந்தேன், நான் சொல்லவே இல்லை. அந்த இழுப்பறை எனக்காக மறுபடி திறக்கவில்லை.

வரலாற்றிலிருந்து மாயக்கதைக்குத் துணிந்து பாய்ந்தவன் என்று என்னைப் பற்றிச் சொல்கிறார்கள். நான் பாயவில்லை, அனுப்பப்பட்டேன். ஆனாலும் போன இடத்தில் குறை வைக்கவில்லை. என் மாயக்கதைகளில் விலை இல்லாத மந்திரம் கிடையாது. ஒன்றில், மந்திரம் சொல்கிறவன் ஒவ்வொரு முறையும் தன் நினைவில் ஒன்றை இழப்பான். கடைசியில் நகரத்தைக் காப்பாற்றிவிடுகிறான், தான் யார் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. அதைப் படித்துவிட்டு ஆசிரியர் "அடுத்த செவ்வாய்" என்பதற்குப் பதிலாக என் தோளைத் தொட்டார். அந்தத் தொடுகையையும் என் பெருமைகளில் சேர்த்துக்கொள்கிறேன், மூடிய இழுப்பறையை மறக்காமலே. அவர் ஓய்வு பெற்றபின் மீண்டும் அரசர் கதைகள் எழுதினேன். கோடு போட மட்டும் கை வரவில்லை. அதைத்தான் பிற்பாடு புதுமை என்றார்கள். ரஹீம், உங்கள் கேள்விக்குப் பதில் இது.

ஆனால் கணக்கு இத்தோடு முடியவில்லை. நாவல் புத்தகமாக வந்தபின் வாசகர்கள் அந்த ஊருக்குப் போகத் தொடங்கினார்கள். கல்லுக்கு மாலை போட்டார்கள், கற்பூரம் ஏற்றினார்கள். ஐந்தாறு ஆண்டுகளில் ஊர்க்காரர்கள் கல்லைச் சுற்றிச் சிமெண்டு மேடை எழுப்பி, மேலே மண்டபம் கட்டி, 'படைத்தலைவன் பொன்வாகன் நினைவு மண்டபம்' என்று பலகையும் எழுதிவிட்டார்கள். திறப்பு விழாவுக்கு என்னைத்தான் அழைத்தார்கள். விழாவுக்குப் பத்து நாள் முன்னால் ஒரு கணவனும் மனைவியும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டேன். பால் ஊற்றிய பெண். பெயர் தேசம்மா. அந்த ஊரில் ஒன்றரை ஏக்கர் பயிர் வைக்கும் குடும்பம்.

"சார், அந்தக் கல்லு எங்க வூட்டுக்காரரு வம்சத்துக் கல்லுங்க. காணும் பொங்கலுக்கு எங்க வூட்டு சோறுதான் அதுக்கு மொதல்ல வெப்போம். இப்ப மேடை கட்டி கால் வரைக்கும் பூசிட்டாங்க. எங்க நாய்க்கு சோறு வெக்க எடமில்ல."

"நாயா?"

"காலாண்ட நாயி ஒண்ணு செதுக்கி கீதுங்க. அதுக்குத்தான் மொத உருண்ட. அப்பறந்தான் அவருக்கு. கேட்டா, சாரே புக்குல எழுதிகீறாரு, அது பொன்வாகன் கல்லுன்றாங்க. பொன்வாகன் யாருங்க?"

புருஷன் அவள் முழங்கையைத் தொட்டு "மெதுவா பேசு" என்றார். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

நான் சொல்ல வேண்டிய பதில் மூன்று சொல்: 'பொன்வாகன் யாருமில்லை அம்மா.' நான் சொன்னது, "பார்க்கலாம் அம்மா."

விழாவுக்குப் போனேன். நாற்பது நிமிடம் பேசினேன். பொன்வாகனின் இறுதிப் போரை நேரில் பார்த்தவன் போல வர்ணித்தேன். கைதட்டல் ஓயவில்லை. கூட்டத்தின் கடைசியில் தேசம்மா ஒரு தூக்குச்சட்டியுடன் நின்றுகொண்டிருந்தாள். என் பேச்சின் நடுவில் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தபோது அவள் அங்கே இல்லை.

பெரிய துரோகம் எதுவும் நடக்கவில்லை என்று எனக்கு நானே பல ஆண்டு சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு கல், ஒரு பெயர்ப் பலகை, யாருக்கு என்ன நஷ்டம் என்று. அந்த ஊர்ப் பக்கம் மறுபடி போகவே இல்லை.

ரஹீமும் மற்றவர்களும் வந்துபோன மூன்றாம் நாள், அந்த ஊர்த் தலைவர் அழைப்பிதழோடு வந்தார். நாற்பது வயது இருக்கும். அழைப்பிதழில் என் படம் பொன்வாகனின் ஓவியத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"மண்டபம் பழசாயிடுச்சி சார். கீழ பூரா டைல்ஸ் ஒட்டி, சுத்தி கிரில் போட்டு, வெண்கலத்துல செல ஒண்ணு வெக்கிறோம். பொங்கல் கழிச்சி வேல ஆரம்பம். நீங்கதான் வந்து மொத டைல்ஸ வெக்கணும்."

"தேசம்மா என்று ஒருவர் உண்டே, இருக்கிறாரா?"

"நாயி அக்காவா?" என்று சிரித்தார். "கீறாங்க சார். வருஷா வருஷம் காணும் பொங்கலுக்கு வந்து சிமெண்டு மேல ஒரு உருண்ட வெச்சிட்டு போவாங்க. காக்கா துன்னும். டைல்ஸ் போட்டா அதுவும் வெக்க முடியாது, வழுக்கும்."

முப்பது ஆண்டுகளுக்கு மேல். ஒவ்வோர் ஆண்டும். நான் புத்தகங்கள் எழுதிக்கொண்டும் பொன்னாடை வாங்கிக்கொண்டும் இருந்த அத்தனை ஆண்டும், அந்த அம்மாள் சிமெண்டின்மேல் சோறு வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். "டைல்ஸ் வைக்கும் நாளுக்கு வேண்டாம், காணும் பொங்கலன்றே வருகிறேன்" என்றேன். அவருக்கு மகிழ்ச்சி. கொத்தனாரையும் அன்றே அளவெடுக்க வரச் சொல்வதாகச் சொல்லிப் போனார்.

ரஹீம் தம் வண்டியில் அழைத்துப் போனார். வழியில் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. மண்டபத்தில் ஐம்பது அறுபது பேர் கூடியிருந்தார்கள். மைக் கட்டியிருந்தது. நான் மைக்கை ஒதுக்கிவிட்டு, படியில் நின்று சொன்னேன். பொன்வாகன் என்று ஒருவன் பிறக்கவே இல்லை. அவன் என் கற்பனை. நான்கு வரி இடத்தை நிரப்ப, யாரையும் கேட்காமல், இந்தக் கல்லை அவனுடையது என்று எழுதினேன். திறப்பு விழாவிலும் தெரிந்தே பொய் சொன்னேன். இது தேசம்மா வீட்டாரின் முன்னோர் கல்.

முதலில் பேசியது கல்லூரி வயதுப் பையன் ஒருவன்.

"அப்ப என் பேரு?"

"உன் பேர் என்ன?"

"பொன்வாகன் சார். ஆதார்ல கீது."

"எங்க தெருவுலயே மூணு பொன்வாகன் கீறான்" என்று ஒரு பெண்குரல். சிரிப்பு எழுந்தது. தலைவர் ரஹீமின் காதருகே போய், எனக்குக் கேட்கும்படியே, "சாரு மாத்திரை எதுனா போடாம வந்துட்டாரா பாய்?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சார், நாங்க புக்குல படிச்சிகீறோம்."

"அந்தப் புக்கை எழுதியதே நான்தானய்யா!"

"ஆங், தெரியும் சார். ஆனா அத்த எழுதும்போது நீங்க தெளிவா இருந்தீங்க."

நான் இத்தனை காலம் எழுதியதற்கு இதைவிடப் பெரிய பாராட்டும் தண்டனையும் கிடையாது. என் எழுத்து என்னைவிட நம்பிக்கைக்குரியதாகிவிட்டது. கொத்தனார் ஓரமாக உளியும் சுத்தியுமாக நின்றார். அவரிடம் போனேன்.

"என் கதையில் நாய் கிடையாது. முழுப் புத்தகத்திலும் கிடையாது. யார் வேண்டுமானாலும் தேடிப் பாருங்கள். இந்தக் கல்லின் காலடியில் ஒரு சாண் சிமெண்டை எடுங்கள். நாய் இருந்தால் இது பொன்வாகன் கல் இல்லை. இல்லாவிட்டால் நான் பேசாமல் டைல்ஸ் வைத்துவிட்டுப் போகிறேன்."

தலைவர் யோசித்தார். எப்படியும் டைல்ஸ் போட உடைக்க வேண்டியதுதானே என்று கொத்தனார் சொன்னது எடுபட்டது. கூட்டம் விலகி ஒரு பக்கம் வழி விட்டது. தேசம்மா அந்த வழியில் வந்தார். தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. கையில் தூக்குச்சட்டி.

"எடது காலாண்ட தட்டுங்க," என்றார் கொத்தனாரிடம். "பாத்து. காது மெலிசா கீது, ஒடஞ்சிடும்."

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காணாத ஒன்றின் காது மெலிசானது என்று நினைவு வைத்திருக்கிறார். கொத்தனார் சுத்தியைக் கீழே வைத்துவிட்டு உளியால் மட்டும் சுரண்டினார். முதலில் வளைந்த வால் தெரிந்தது. பிறகு முதுகு. பிறகு இரண்டு காதுகள், முழுசாக. அந்த நாய் தன் எஜமானின் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்கள். நான் வென்றுவிட்டதாக நினைத்தேன். அப்போது அந்தப் பையன் சொன்னான்:

"பாத்தியா, பொன்வாகனுக்கு நாயி இருந்துகீது. சாரு எழுத மறந்துட்டாரு."

"அதான பாத்தேன்" என்றார் தலைவர். ஊரே ஒப்புக்கொண்டது.

தேசம்மா இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. குந்தி உட்கார்ந்து, முந்தானையால் நாயின் முகத்திலிருந்த சிமெண்டுத் தூளைத் துடைத்தார். சட்டியைத் திறந்து ஓர் உருண்டை பிடித்து அதன் முன்னால் வைத்தார். இன்னொன்றைக் கல்லில் இருந்தவருக்கு வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "அன்னிக்கு சொல்ல வந்தேன், உங்களுக்கு பஸ்ஸு வந்துடுச்சி" என்றார். "இன்னிக்கு பஸ்ஸு இல்லியே?"

"இல்லை அம்மா. சொல்லுங்கள்."

படியில் உட்கார்ந்து கேட்டேன். கல்லில் இருப்பவர் ஒரு மாடு காவலர். மாட்டைத் திருட வந்தவர்களை மறித்து இந்தக் கரையில் வெட்டுப்பட்டார். மாடுகள் வீடு வந்து சேர்ந்தன. நாய் மட்டும் வரவில்லை. மூன்று நாள் பிணத்தருகே சோறு தின்னாமல் கிடந்து செத்தது. அந்தக் கடனுக்குத்தான் முதல் உருண்டை அதற்கு.

"அவர் பேர் என்ன அம்மா?"

"அவுரு பேரு யாருக்கும் தெரியாதுங்க. எங்க மாமியாரு நாய்க்கார நைனான்னு கும்புடும். நாயி பேரு தெரியும். செவலை."

"என் மேல் உங்களுக்குக் கோபம் இருக்கும்."

"இருந்துச்சிங்க. இன்னும் கொஞ்சம் கீது. மொதல்ல அது துன்னட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

தலைவரிடம் இரண்டு கேட்டேன். நாய் இருக்கும் இடத்தில் டைல்ஸ் போடாமல் விட வேண்டும், கிரில்லுக்கு அந்தப் பக்கம் பூட்டில்லாத ஒரு சிறு கதவு வேண்டும் என்றேன். உடனே சம்மதித்தார். ஊருக்கே நாயைப் பிடித்துப்போயிருந்தது. பலகையையும் மாற்ற வேண்டும் என்றேன். "பாக்கலாம் சார்" என்றார். அந்தப் பதில் எனக்குப் பழக்கமானது. நான் தேசம்மாவுக்குச் சொன்னதுதான்.

திரும்பும் வழியில் திருத்தணி எல்லைக்கு வந்ததும் ரஹீம், "இந்த அத்தியாயத்துக்கு அடிக்குறிப்பு இருந்தாத்தான் சார் நம்புவாங்க" என்றார்.

மறுபதிப்புக்காகப் பதிப்பாளர் அனுப்பிய மெய்ப்பு என் மேசையில் இருக்கிறது. இன்று காலை ஏரிக்கரை அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தை எடுத்தேன். போர் அப்படியே இருக்கட்டும். மேலே நான் இன்னமும் ராஜாதான், அந்தப் பெருமையை விட்டுத்தருவதாக இல்லை. கீழே இருந்த நான்கு வரியையும் அடித்தேன். கடையில் வாங்கி வந்த ஸ்கேலை வைத்துப் புதிதாக ஒரு கோடு போட்டேன். கோடு நேராகத்தான் வந்தது. அதன் கீழே எழுதியது இது:

முந்தைய பதிப்புகளில் இங்கே இருந்த குறிப்பு பொய், எழுதியவன் நான்.
அந்தக் கல் பெயர் தெரியாத ஒரு மாடு காவலருடையது.
அவர் காலடியில் இருப்பது அவருடைய நாய் செவலை. போய்ப் பார்த்தேன்.
சொன்னவர்: தேசம்மா.